பரிந்துரை

திங்கள் காலை கைப்பேசிக்கு வந்தன
ஏழு புத்தகங்களின் பெயர்கள்.
மேற்பார்வையாளர் ஆகிறவர்கள் படிக்க வேண்டியவை
என்று மேலே தடித்த எழுத்தில்.
அனுப்பியவர் ஷீபா ரோஸ்லின், மனிதவளம்.
கடைசியில் ஒரு கட்டைவிரல்.

ஏழில் ஒன்றுதான் கிடைத்தது,
அல்லிக்குளத்துப் பழைய புத்தகக் கடையில், எண்பது ரூபாய்க்கு.
அட்டையில் பனிமலை. உச்சியில் கொடியோடு ஒருவன்.
கீழே கயிறு பிடித்தவனை
அட்டைக்கு வெளியே வெட்டிவிட்டார்கள்.
எனக்கு முன் வைத்திருந்தவர்
வரிக்கு வரி பென்சிலால் கோடிழுத்திருக்கிறார்,
நாற்பத்தோராம் பக்கம் வரை.
அதற்குமேல் தாள் சுத்தம்.
பதவி போனதோ, பென்சில் தீர்ந்ததோ.

திருநின்றவூரில் ஏறினால்
பட்டரவாக்கம் வருவதற்குள் ஒரு அத்தியாயம்.
குழுவின் குரலுக்குக் காது கொடுக்கச் சொன்னது புத்தகம்.
என் லைனில் வேலை செய்கிற நான்கு பேர்
அதே பெட்டியில்தான் இருந்தார்கள்.
நான் படிக்கிறேன் என்று
சத்தமில்லாமல் பேசிக்கொண்டார்கள்.

பதினோரு வருடமாகக் குணவதியின் வற்றல்குழம்பில்
எனக்கும் ஒரு கரண்டி உண்டு.
இந்த வாரம் நான் போய் உட்கார்ந்ததும்
பேச்சு மழைக்குத் தாவியது.
சித்திரை மாதத்தில்.

தணிகாசலம் சார் விட்டுப்போன பீரோவுக்குச் சாவி இல்லை.
ஸ்க்ரூடிரைவர் போதுமாயிருந்தது.
உள்ளே ஒற்றைச் செருப்பு, தலைவலித் தைலம்,
கயிறு கட்டிய விடுப்பு விண்ணப்பங்கள்.
இரவு ஷிப்ட் முழுக்க
பிரஸ் இறங்கி ஏறும் சத்தத்துக்கு நடுவே படித்தேன்.

வெள்ளம் வந்த டிசம்பரில்
முப்பத்தேழு பேர் ஒரே வரியை எழுதியிருக்கிறார்கள்:
வீட்டுக்குள் தண்ணீர்.
ஒருவர் மட்டும், இன்னும், என்று சேர்த்திருந்தார்.

வலது கை விரல்கள் போனபின்
ஆமோஸ் இடது கையால் எழுதிய முதல் விண்ணப்பம்.
ஒவ்வொரு எழுத்தும்
பக்கத்து எழுத்தைப் பிடிக்காமல் நிற்கப் பழகுகிறது.

பர்வீனுக்கு மாதாமாதம் பதினான்காம் தேதி
சொந்த வேலை. ஆறு வருடமாக.
அவள் பக்கத்து மெஷினில் நின்றவள் நான்.
அப்படி ஒரு தேதி இருப்பதே
இப்போதுதான் தெரிகிறது.

பிறகு, பழுப்பேறிய தாளில், என் கையெழுத்து.
மாமனாருக்கு உடம்பு முடியவில்லை, ஒரு நாள் விடுப்பு.
மாமனார் அன்றைக்குக் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்.
நான் ஸ்ரீபெரும்புதூரில், இன்னொரு கம்பெனி வாசலில்
சான்றிதழ்களோடு வரிசையில்.
ஓரத்தில் சிவப்பு மை, சாய்ந்த எழுத்து:
பொய். இருந்தாலும் பரிந்துரைக்கிறேன்.
திரும்பி வந்துவிடுவாள்.

எட்டு வருடம்
அவரை ஏமாற்றிய சந்தோஷத்தை வைத்திருந்தேன் நான்.
நன்றி சொல்லலாம்தான்.
ஆனால் அந்தக் கடைசி வரி!
வரமாட்டேன் என்று ஒரு நிமிடமாவது
பயந்திருக்கக் கூடாதா மனுஷன்?

அதே சிவப்பு மையில்
குணவதி மகளின் வளைகாப்புக்கு விடுப்பு இல்லை என்று இருந்தது.
காரணம் எழுதவில்லை.
மையும் அழுத்தமாக விழவில்லை.

விடிந்ததும் மேசையில் ஒரு புதிய தாள்.
ஜோதிலிங்கத்தின் பெரியப்பா காலமாகிவிட்டார்.
போன ஐப்பசியில் ஒரு முறை, தையில் ஒரு முறை,
இப்போது மறுபடி.
வேறு வேறு பெரியப்பாக்களாகவும் இருக்கலாம்.
அடியில் இரண்டு கட்டங்கள்:
பரிந்துரைக்கப்படுகிறது. பரிந்துரைக்கப்படவில்லை.

ஃபேன் காற்றில் தாள் படபடத்தது.
பனிமலையை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு
நான்காம் பிரஸ் பக்கம் நடந்தேன்.
யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தவன்
என்னைப் பார்த்ததும்
இழவு வீட்டு முகத்தை அவசரமாக எடுத்து மாட்டினான்.
அது சரியாகப் பொருந்தவில்லை.
கண்ணுக்குக் கீழே
வேறு ஏதோ ஒன்று மடிந்து கிடந்தது.

பக்கத்தில் போனேன், படிக்க.